மேடத்தின் கோப்பி மெசின்

அன்று மேடத்தின் வீட்டில் நானும், ஏறாவூரிலிருந்து வந்த அடுப்புத் திருத்துகிறவரும்தான் இருந்தோம். மேடம் இல்லை, கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். மேடம் வெள்ளைக்காரப் பெண்; சுனாமி நிவாரண அலுவலகத்தில் அவருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். மேடத்தின் கோப்பி மெசின் என் கையில் நின்றுபோயிருந்தது; அதைத் திருத்தத்தான் அடுப்புக்காரரைக் கூப்பிட்டிருந்தேன்.

நானா என்று நான் கூப்பிட்ட அந்த முஸ்லிம் அண்ணர் மெலிந்தவர், விரல் இடுக்கெல்லாம் கரி. எதையும் திறக்குமுன் காதை வைத்துக் கேட்பார். மெசினிலும் வைத்தார்.

“மோட்டர் ஓடுது. தண்ணிதான் ஏறல்ல.” தண்ணீர்த் தாங்கியில் விரலை நனைத்து நக்கினார். “கிணத்துத் தண்ணியா?”

“ஓம் நானா. மேடம் போத்தல் தண்ணிதான் ஊத்தச் சொன்னவ. அத முகாம்ல புள்ளைகளுக்குக் குடுத்திட்டன். வேல போயிடுமெண்டு பயமாக் கிடக்கு.”

“கடல் வந்த கிணறு தம்பி. மெசினுக்குள்ள உப்பு விளையுது!”

சிரித்துக்கொண்டே உப்பைக் கரைக்க வினாகிரிப் புளிக்காடி கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டார். தெருவில் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் நான் எழுந்து நின்றேன். கடைசியில் வெள்ளைத் தூளோடு சுடுதண்ணீர் வந்தது. மேடமும் வந்தார், என்ன பழுது என்று கேட்டார்.

“ரப்பர் தேஞ்சிட்டெண்டு சொல்லுங்க,” என்றார் நானா, என்னையே பார்த்தபடி.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. உள்ளதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை போகவில்லை.

அந்தப் பொய்யால் அந்த நானா என்னைக் காப்பாற்றப் பார்த்தாரா, சோதித்தாரா என்று இன்றும் தெரியவில்லை. கூலி வேண்டாமென்று, வினாகிரிக்கு எண்பது ரூபா மட்டும் வாங்கினார். போத்தல் தண்ணீருக்காக மேடம் என் சம்பளத்தில் பிடித்தது அறுநூறு.