கஞ்சி வாசலில் சஃப்ரீனின் சாக்கெட்

மூடிக் கிடக்கும் எதையும் திறந்து பார்க்காவிட்டால் சஃப்ரீனுக்குச் சோறு இறங்காது. தாராவியில் வாப்பா கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறையில் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றிப் போட்டு ஏச்சு வாங்கியபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கே எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும், எடுத்து ஒட்டினால் போதும். அவளுக்கு அது ருசிக்கவில்லை. கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் இயங்குதளத்தின் கதவைத் தன் கையாலேயே தட்டிப் பார்க்க ஆசை.

தட்டுவதற்கு நோன்பு மாதம் ஒரு காரணத்தைக் கொண்டுவந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். தூக்குச்சட்டிகளோடு சந்து நிறைய வரிசை நிற்கும். வெயிலில் இடிபட்டுக் கடைசிச் சந்துக்காரர்கள் வந்து சேரும்போது அண்டா காலி. வீட்டிலிருந்தே போனில் ஆள் கணக்கைச் சொன்னால் முறை எண் வரும், அண்டாவையும் கணக்காகப் பங்கிடலாம் என்றாள் சஃப்ரீன். கஞ்சிப் பொறுப்பில் இருந்த ஹமீது ஒரே ஒரு நாள் கொடுத்தார்.

"இன்னைக்கு நடந்தாப் பாப்போம். இல்லேன்னா நாளைக்குப் பழையபடி வரிசைதான்."

"நடக்கும் மாமா."

பள்ளிவாசல் முற்றத்தில் லேப்டாப்பை வைத்தாள். அவள் எழுதிய நிரல் இயங்குதளத்திடம் முதலில் ஒரு சாக்கெட் கேட்டது, வெளியாட்களோடு பேசுவதற்கான இணைப்பு முனை அது. பிறகு அதை வீட்டுக் கதவு எண் போன்ற ஒரு போர்ட் எண்ணில் கட்டி, காது கொடுக்கச் சொன்னது. கடைசியாக 'அக்செப்ட்', அதாவது வந்தவரை உள்ளே கூப்பிடு. வருகிற ஒவ்வொருவருக்கும் அது புதிதாக ஒரு சாக்கெட்டைத் தரும், பேச்சு எல்லாம் அதில்தான். முதல் சாக்கெட் வாசலை விட்டு நகராது.

சந்தெங்கும் வீடுகளிலிருந்து இணைந்த போன்களில் 'சேர்ந்தாச்சு' என்று வந்தது. எண் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்த பெண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் கடைசிச் சந்து பரீஹா.

"ஏளா, ஒன் கம்ப்யூட்டரும் நோன்பு போல. வாயே தெறக்கல."

சிரிப்பு கிளம்பியது. ஹமீது அகப்பையைக் கையில் எடுத்தார். சஃப்ரீன் திரையைப் பார்த்தாள். ஒரே ஒரு ஆளைத்தான் உள்ளே விட்டிருந்தது, அதுவும் அவள் வீட்டு ஆளை. பக்கத்துச் சந்துக்கு ஓடினாள்.

உம்மா மெஹராஜ் போனை மடியில் வைத்துக்கொண்டு யோசனையில் இருந்தாள்.

"என்ன உம்மா செய்யுதீங்க?"

"ஆள் கணக்கு கேக்குல்லா? அஞ்சு போடவா, ஆறு போடவா? வடாலாவுலேருந்து ஒங்க சாச்சா வந்தாலும் வருவாவ."

"வருவாவளா?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

சஃப்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரல் உம்மாவை வரவேற்று, உம்மாவின் பதிலுக்காக எதிரிலேயே உட்கார்ந்துவிட்டது. மற்றவர்களை இயங்குதளம் காத்திருப்பு வரிசையில் சேர்த்துக்கொண்டது, அதனால்தான் 'சேர்ந்தாச்சு'. உள்ளே கூப்பிடத்தான் வாசலில் ஆள் இல்லை. போனைப் பிடுங்கி அஞ்சு என்று அமுக்கியிருக்கலாம். ஆனால் தாராவியில் யோசிக்கிற உம்மா ஒருத்தி மட்டுமா?

"நீங்க நிதானமா யோசிங்க உம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

"மாமா, அகப்பைய வச்சிருங்க. கொஞ்ச நேரம்."

"நோம்பு தொறக்குறதுக்குள்ள முடிச்சிருவியா?"

சஃப்ரீன் லேப்டாப்பின் மேல் குனிந்தாள். ஒவ்வொரு அக்செப்டுக்குப் பின்னும் நிரல் தன்னையே ஒரு நகல் எடுக்கட்டும். நகல் விருந்தாளியோடு இருக்கட்டும், அசல் உடனே வாசலுக்குத் திரும்பட்டும். சில வரிகள்தான். நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். அறுந்த போன்கள் தாமாகவே திரும்ப வந்து சேர்ந்தன. இந்தத் தடவையும் முதல் ஆளாக உம்மாவே நுழைந்தாள். நுழைந்து, முன்போலவே கணக்கைப் போடாமல் யோசித்தாள்.

சஃப்ரீன் முற்றத்தில் நின்றவர்களின் போன்களைப் பார்த்தாள்.

பரீஹாவின் போன் டிங் என்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு முற்றம் முழுக்க ஒரே டிங் டிங். ஹமீது எண்ணைக் கூப்பிடக் கூப்பிட, இடிபடாமல் வந்து வாங்கிப் போனார்கள். பரீஹா நிறைந்த சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"வாயத் தெறந்துட்டு போல."

கடைசியாக வந்தது உம்மாவின் கணக்கு: ஏழு. பின்னாலேயே சட்டியோடு உம்மாவும்.

"என்ன ராத்தா, மொத ஆளா வந்து கடைசி நம்பரா?" என்றார் ஹமீது.

"யோசிச்சுத்தான தம்பி போடணும். கொழுந்தன் தனியாவா வருவாவ?"

ஏழு பேருக்கும் அண்டாவில் கஞ்சி இருந்தது. அடியைச் சுரண்டி ஊற்றிக்கொண்டே ஹமீது சஃப்ரீன் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அந்தப் பொட்டிய அஸருக்கு முன்னாலயே கொண்டாந்துரு, என்ன?"