காளவாசலில் விழுந்து கும்பிட்டேன்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதுத்துணி எடுத்துக் கொடுத்தவர் காலில், அதை உடுத்திக்கொண்டு விழுந்து கும்பிட வேண்டும். அந்தத் தீபாவளிக்கு எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தது அப்பாதான் என்று அம்மா சொன்னாள். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, எனக்கு எட்டு வயது.

அப்பா எங்களை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கோர்ட்டு ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லியும் அவர் அசையவில்லை. அம்மா வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்குமாக அலையோ அலை என்று அலைந்த பிறகு, அவர் வேலை பார்த்த மில்லுக்கே உத்தரவு போனது. சம்பளம் அவர் கைக்குப் போகுமுன்பே எங்கள் பங்கைப் பிடித்து அம்மாவின் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் பின்னாளில் தெரிந்தது. அப்போது செல்போனில் மெசேஜ் வந்தால், "அப்பா அனுப்பிட்டாரு பாப்பா" என்பாள் அம்மா.

அம்மாவுக்குக் காளவாசலில் ஒரு துணிக்கடையில் வேலை. வாடிப்பட்டிப் பக்கமிருந்து அப்பா வரும் மில் பஸ் கடைக்கு எதிரில்தான் நிற்கும். தீபாவளி கழிந்து ஒரு நாள் அம்மாவோடு கடைக்குப் போயிருந்தேன். அவள் யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, புதுப்பாவாடையோடு ஓடினேன். பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பாவின் காலில், அத்தனை பேர் நடுவில் விழுந்தேன்.

"நீங்க எடுத்துக் குடுத்த பாவாடைப்பா. மாசாமாசம் காசும் வருதுப்பா."

கூட இறங்கியவர்கள் சிரித்தார்கள். ஒருவர் சத்தமாகவே, "ஏ மாப்ள, ஆபீஸ்ல புடிச்சுக் குடுக்குற காசுக்கு உனக்கு எதுக்குடா கும்பிடு!" என்றார். அப்பாவின் முகம் கறுத்தது. "நல்லா இரு" என்று என் தலையில் கைவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் மெசேஜ் வரவில்லை. அப்பா மில் வேலையை விட்டுவிட்டார். சம்பளமே இல்லாதவரிடம் எதைப் பிடிப்பது? அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. நான் அன்று ஓடாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

"அப்பாவுக்கு வேல போயிருச்சு பாப்பா" என்றாள் அம்மா.

"பாவம்லம்மா அப்பா?"

வெறுங்காதைத் தடவிக்கொண்டே, "ஆமா, பாவம்" என்றாள்.

அப்பாவுக்குச் சீக்கிரம் ஒரு வேலை கிடைக்க வேண்டுமென்று தினமும் சாமி கும்பிட்டேன். எங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் அவர் இருந்த வேலையையே விட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், என் பக்கத்தில் நின்று அவளும் கைகூப்பினாள்.