அடக்கத்துக்குப் பின் வந்த பரிந்துரை

மன்னாரில் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய கம்பனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். எம்.பி.ஏ. படிக்க வெளிநாட்டு வணிகக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டு, கொழும்பிலிருந்து இணையவழி ஆலோசனை சொல்லும் ஒருவருக்கு என் விவரங்களை அனுப்பினேன். பரீட்சைப் புள்ளிகள் போதும், ஆனால் நான் நாலு பேரை வழிநடத்தியதற்கு எந்த அடையாளமும் இல்லை என்றார். ஒரு வருடம் பொறுத்து, சுயவிவரத்தைப் பலப்படுத்திக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த வருடம் பக்கத்துக் கீரிக் கிராமத்தில் நண்டுச் சதை எடுக்கும் பெண்களுக்குச் சுத்தம், ஐஸில் வைத்தல் பற்றிப் பயிற்சி நடத்தினேன். நண்டு வாங்கும் கொள்வனவுப் பிரிவின் பொறுப்பையும் கேட்டு வாங்கினேன். இரண்டுக்கும் வழிவிட்டவர் எங்கள் மேலாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் கதைக்காத மனிதர். பரிந்துரைக் கடிதமும் அவரிடமே கேட்டேன்.

“எழுதுறன்,” என்றார். “ஆனா எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதுவன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கல்லூரியின் இணையப் பக்கத்தில் அவருடைய பெயருக்கு நேரே ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்றே மூன்று கிழமை இருந்தது. நினைவூட்டக் கூச்சமாக இருந்தது. அப்படியிருக்கையில், முருங்கனுக்குக் கம்பனி வேலையாகப் போன இடத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சனிக்கிழமை அடக்கம் செய்தோம். சேமக்காலையிலிருந்து திரும்பும்போது, இனி யாரிடம் கடிதம் கேட்பது என்ற யோசனை எனக்கு வந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அவருடைய மடிக்கணினியை அடக்கத்துக்கு முதல் நாளே வீட்டார் கம்பனிக் கந்தோரில் ஒப்படைத்திருந்தார்கள். அதை அவருடைய அலுமாரியில் வைத்துப் பூட்டியவள் நான். திறப்பு என் கைப்பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து கைபேசியைப் பார்த்தேன். கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. பரிந்துரைக் கடிதம் கிடைத்துவிட்டதாம். பூசையின் நடுவில் வந்திருக்கிறது.

நேரே கந்தோருக்குப் போனேன். காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. அலுமாரியைத் திறந்தேன். நான் வைத்த இடத்திலேயே, நான் மேலே வைத்த கோப்புகளோடு கணினி கிடந்தது. பொத்தானை அழுத்தினேன். சார்ஜ் இல்லை, திரை கறுப்பாகவே இருந்தது. அதை மறுபடி வைத்துப் பூட்டினேன்.

எங்கள் கணினி வேலை பார்ப்பவர், முன்பே எழுதியது எங்காவது சிக்கி நின்று இப்போது போயிருக்கலாம் என்றார். இரண்டு நாள் அதை நம்பிப் பார்த்தேன். பிறகு பொறுக்க முடியாமல், எழுதியவர் கடிதம் வரும் முன்னரே இறந்துவிட்டார் என்று கல்லூரிக்கு உண்மையை எழுதினேன். கடிதம் கம்பனியின் முகவரியிலிருந்து அவருடைய கணக்கின் ஊடாகவே வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்கிறோம் என்று அனுதாபத்தோடு பதில் வந்தது.

அடுத்த மாதம் காணொளியில் நேர்முகம் நடந்தது. கேள்வி கேட்ட பெண்மணி இதமாகத்தான் பேசினார். கடைசியில், குளிர் அறைப் பதிவேட்டில் ஒருநாள் பொய்யான வெப்பநிலை எழுதினீர்களாமே, பிறகு அந்த நண்டு முழுவதையும் ஏன் நீங்களே கழித்து எறிந்தீர்கள் என்று கேட்டார். உங்கள் மேலாளர் அதைத்தான் உங்களுடைய மிகச் சிறந்த முடிவு என்று எழுதியிருக்கிறார் என்றார்.

அது நடந்தது ஒரு மத்தியானம், மின்சாரம் நின்றிருந்த நேரம். குளிர் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். மேலாளர் அன்று குடும்பத்தோடு மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். எழுதிய பக்கத்தைக் கிழித்து வீட்டில் கொளுத்தினேன். பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னதில்லை.

எழுதிய பிறகு பயம் வந்தது, சாப்பிடப்போகிற பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது என்று நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பெண்மணி தலையாட்டி எழுதிக்கொண்டார். இடம் கிடைத்தது.

போவதற்கு முன் மேலாளரின் மனைவியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயப்படவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“தங்கச்சி, எங்களைப் பற்றி அதில ஏதும் எழுதியிருக்கிறாரோ?”

“எனக்கு அதை வாசிக்க விடமாட்டினம், அக்கா.”

“ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.”

அவர் முன்னாலேயே கல்லூரிக்கு எழுதினேன். பரிந்துரைக் கடிதங்களை எவருக்கும் காட்டுவதில்லை என்று மறுநாள் பதில் வந்தது. அந்தப் பதிலைப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.