மீதிப் பாட்டு

எங்கள் ஊரில் பேண்டு பழக வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது சாவு மெட்டுதான். யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். நிதானமான நடை, ஐந்தாறு சுரம். தப்பு வந்தாலும் ஒப்பாரிச் சத்தத்தில் எவன் காதிலும் விழாது. முதல் பாதி வீட்டிலிருந்து கோயில் வரைக்கும். இரண்டாம் பாதி கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும். அவ்வளவுதான் பாட்டு.

ஏரலைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வியாகுலம் தோணி வேலைக்குப் போனவர். கடலில் இல்லாத நாளெல்லாம் என் பேண்டில் கிளாரினெட் வாசித்தார், முப்பத்தெட்டு வருஷம். ஒரு சுரம் பிசகினால் போதும், கல்யாண ஊர்வலம் என்றும் பார்க்காமல் நடுத்தெருவில் நின்று ஏசுவார். போன கோடையில் அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முப்பது தடவை கரண்ட் வைத்தார்கள்; கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். குரல் போயிற்று. மூக்கில் மாட்டிய குழாய் வழியே கஞ்சி, பேச்சுக்கு ஒரு சிலேட்டு.

மாமனாரைப் பார்த்துக்கொள்ள மஸ்கட்டிலிருந்து மருமகள் ஃபெமினா பிள்ளைகளோடு வந்தாள். ஜேக்கப்புக்கு ஒன்பது வயது, ஷெரினுக்கு ஏழு. தாத்தாவின் இருமலைக் கேட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்த பிள்ளைகளை நான்தான் பேண்டு ரூமுக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு டிரம்பெட், அவளுக்குச் சின்ன டிரம். பழக்கதோஷம், அந்த மெட்டையே தொடங்கிவிட்டேன். ஊர்ப்பிள்ளைகள் என்றால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். இதுகள் இங்கே ஒரு சாவைக் கண்டதில்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் முதல் பாதியைப் படித்துவிட்டு, ஒருநாள் சாயங்காலம் தாத்தாவின் கட்டிலருகே நின்று வாசித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். கோயில்காரர் துக்கமணி அடிக்கக் கயிற்றைப் பிடித்துவிட்டார். நானும் சட்டை போடாமல் ஓடினேன். உள்ளே வியாகுலம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு இதையா வாசிக்கச் சொல்லிக்குடுத்திய மாஸ்டர்?" என்றாள் ஃபெமினா, பிள்ளைகள் காதில் விழாமல் பைய. வியாகுலம் சிலேட்டை எடுத்து எழுதினார்: "வாசிக்கட்டும். மூணாவது சுரத்துல இழுக்கான்."

ஷெரின் என் கையைப் பிடித்து ஆட்டினாள். "மாஸ்டர், தாத்தா இன்னைக்குத்தான் எந்திச்சு உக்காந்திருக்காவ. பாதிப் பாட்டுக்கே இப்படின்னா, முழுசும் படிச்சா சரியாயிரும்லா?"

அன்றிலிருந்து மீதிப் பாட்டு எப்போது என்று தினமும் கேட்டாள். வியாகுலம் எனக்கு மட்டும் எழுதிக் காட்டினார்: "மீதி குடுக்காதீரும்." கொடுப்பேனா நான்? டிரம் தோல் கிழிந்துவிட்டது என்றேன், திருவிழா வேலை என்றேன். பிள்ளைகள் பாதியையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். தெருவுக்கும் பழகிவிட்டது. ஆனாலும் மெட்டு தொடங்கியதும் எல்லா வீட்டிலும் பேச்சு நிற்கும். அந்தோணியம்மாள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சுக்கும் பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன். பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்; கட்டில் சட்டத்தில் விரல் அசையவில்லை. அவர்கள் வெளியே போனதும் கோணல்மாணலாக எழுதி நீட்டினார்: "மீதியைக் குடும். அன்னைக்கு என் பேரப்பிள்ளைக தப்பா வாசிக்கக் கூடாது."

"கிறுக்கு பிடிச்சிருக்கா வே உமக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் உள்ளங்கையால் அதை அழித்தார். மூச்சு வாங்க, மறுபடி அதையே எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே பேண்டு ரூமில் வந்து நின்றார்கள்.

"மீதியை எத்தனை நாள்ல படிச்சிரலாம் மாஸ்டர்?" என்று கேட்டாள் ஷெரின்.

"நாலு நாள்."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப வெள்ளிக்கிழமை தாத்தாவுக்குச் சரியாயிரும்."

"ஆமா மக்ளே" என்றேன். குச்சியை அவள் கையில் கொடுத்து, முதல் அடியைக் காட்டினேன்.