டிசம்பரில் பிறந்த குட்டி

ஈர வைக்கோலும் குதிரைச் சாணமும் கலந்த மணம்தான் எனக்கு அப்பாவின் மணம். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குள் அவர் நுழைந்தாலே அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்ல போய்க் குளியுங்கோ, குசினிக்குள்ள குதிரை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார்.

லண்டன் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், பந்தயக் குதிரை வளர்க்கும் ஒரு பிரபுவின் லாயத்தில் அப்பாவுக்கு வேலை. அந்தப் பிரபுவை வீட்டில் நாங்கள் "துரை" என்றே சொல்லுவோம். நகரத்தின் நடுவில் ஒரு தெரு முழுவதும் அவருடைய வீடுகளாம். மனிதரோ முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டையோடு லாயத்துப் படியில் இருந்து பாண் தின்றுகொண்டிருப்பார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அவருக்குத் தடுமாறும், ஆனால் எந்தக் குதிரையைக் காட்டினாலும் தாய், தாயின் தாய் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். பெண்குதிரையை நல்ல ஆண்குதிரையோடு சேர்க்க, ஆண்குதிரையின் சொந்தக்காரருக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும் என்று அப்பா விளக்கியபோது, "அப்ப இஞ்சையும் மாப்பிளைக்குத்தான் சீதனம்" என்று அம்மா சிரித்தார்.

அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி முதலாம் திகதி அதற்கு ஒரு வயது கூடிவிடும். டிசம்பர் கடைசி நாளில் பிறந்தால் மறுநாளே ஒரு வயது; பிறகு அந்தப் பாவப்பட்ட சீவன் தன்னைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்த குதிரைகளோடுதான் ஓட வேண்டும். அப்பாவுக்கு இது உடனே விளங்கியதில் வியப்பில்லை. பதினெட்டுக்குக் குறைந்தவர்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, விமான நிலையத்தில் நான்கு வயதைக் குறைத்து, வாயில் வந்த ஜனவரி முதலாம் திகதியைப் பிறந்தநாளாகச் சொல்லி இந்த நாட்டுக்குள் வந்தவர் அவர்.

எனக்கு ஒன்பது வயதான அந்தக் குளிர்காலத்தில் துரைக்கு உடம்பு நன்றாக விழுந்திருந்தது. அவர் உயிராய் வளர்த்த பெண்குதிரை ஜனவரி நடுவில் ஈன இருந்தது. தான் பார்க்கப்போகும் கடைசிக் குட்டி அதுதான் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வருடக் கடைசி நாளில் மற்ற வேலைக்காரர்கள் லீவில் போய்விட, அம்மாவுக்கும் கெயார் ஹோமில் ஷிப்ட் இருந்ததால் அப்பா என்னையும் லாயத்துக்குக் கூட்டிப் போனார். அன்று பின்னேரம் ஐந்து மணிபோல குட்டி முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. பார்த்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.

மறுநாள் காலை துரை பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, வைக்கோலில் முழந்தாளிட்டுக் குட்டியின் கால்களைத் தடவிப் பார்த்தார். எப்போது பிறந்தது என்று கேட்டார். பிறகு அப்பாவைப் பார்க்காமலே, "நள்ளிரவுக்குப் பிறகுதானே?" என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார். என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கை இறுகியது. "இல்லை சேர், நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிக்கு" என்றார். துரை பொல்லை ஊன்றி எழுந்தார். பிறகு அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, நான் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டேனா என்று விசாரித்தார்.

அடுத்த பனிக்காலத்துக்குள் அவர் இறந்துபோனார். குட்டி வளர்ந்து ஓடிய பந்தயங்களில் எல்லாம் பின்னுக்கு வந்தது, பிறகு யாருக்கோ விற்றுவிட்டார்கள். அப்பா அப்டன் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடையில் சேர்ந்தார். ஆனால் ஒவ்வொரு புதுவருடத்திலும் முகம் வாடி அதையேதான் சொல்லுவார்: "எனக்கெண்டால் நாலு வயசு குறைச்சுச் சொல்லத் தெரிஞ்சுது. சாகப்போற மனிசனுக்கு ஏழு மணித்தியாலம் கூட்டிச் சொல்லத் தெரியேல்லை."

இந்தப் புதுவருடத்தில் அவரைக் காரில் அங்கே கூட்டிப் போனேன். லாயமும் இல்லை, வயலும் இல்லை. ஒரே மாதிரியான செங்கல் வீடுகள், வாசலுக்கு வாசல் கார்கள். துரையின் பெயரைக் கேட்டால் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பும்போது, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ஏனப்பா அண்டைக்கு உண்மையைச் சொன்னனீங்கள்? ஒருத்தரும் பாக்கேல்லையே."

"நீ பாத்தனி தானே, பிள்ளை" என்றார் அப்பா.

வீடு வந்து சேரும்வரை அவர் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.