உயிரோடிருந்த அப்பாவுக்குச் சமர்ப்பணம்

வலங்கைமானிலிருந்து திருவாரூர் போகிற காலைப் பேருந்தில் இசைவாணியைத் தெரியாதவர் கிடையாது. ஏறினதும் வாய் திறப்பாள், இறங்கும்போதுதான் மூடுவாள். கூடைக்காரி, கண்டக்டர், கைக்குழந்தை என்று யாராக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ஐந்து நிமிடத்தில் எதிராளியின் மூன்று தலைமுறைக் கதையைக் கறந்துவிடுவாள்.

அப்பா இராஜாங்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவர். அம்மா தங்கம்மாள் நடவுக்குப் போகிறவள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் திருவாரூர்க் கல்லூரியில் எம்.ஏ. பொருளியல் வரை வந்துவிட்டாள் என்பதில் தெருவுக்கே பெருமை. ஒரு தொண்டு நிறுவனம் அவளைக் களப்பணியாளராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். படிப்பை முடித்த சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாக்கி இருந்தது கடைசி ஆண்டு ஆய்வேடு. நடவு இயந்திரம் வந்த பிறகு பெண்களின் வேலை என்ன ஆயிற்று என்று நூறு பெண்களைக் கேட்டு எழுத வேண்டும். ஊர் வாயைக் கறக்கிற இசைவாணிக்கு இது ஒரு வேலையா?

அங்கேதான் கதை மாறியது. சம்பா நடவின்போது கேள்வித்தாளும் கையுமாக அவள் வரப்பில் போய் நின்றாள். சேற்றில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏய், கலெக்டரம்மா வந்துருக்காங்கடி! சேலைய எறக்கி விடுங்க!"

"என்னடி தங்கம்மா, ஒம் மவ எங்கள எண்ணிட்டுப் போக வந்தாளா?"

"பாப்பா, செருப்பு சேறாயிடும். அங்கயே நின்னு கேளு, நாங்க கத்திச் சொல்றோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கேலிதான், விஷம் இல்லை. ஆனால் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததைப் பார்த்ததும் இசைவாணிக்குக் காது சிவந்தது. பேருந்தில் யாரிடமும் பேசலாம், அவர்கள் வேற்றாட்கள். இந்தச் சேற்றிலிருந்து ஏறிப் போனவள் தாளும் பேனாவுமாக இங்கே திரும்பி வருவது வேறு. அன்றைக்கு வீட்டுக்கு ஓடியவள்தான், மறுபடி வரப்பில் கால் வைக்கவில்லை.

மாலையில் ஜவுளிக் கடை வேலை, ஞாயிற்றுக்கிழமை அசதி. நாள் போயிற்று. மாசி பிறந்தது. ஆய்வு வழிகாட்டி செழியன் சார், "சீனியர்ஸ் பண்ணத ஒரு மாடலுக்குப் பாத்துக்கம்மா" என்றார். காலைப் பேருந்தில் குடவாசலில் ஏறுகிற ரிஃப்கா, இதே துறையில் இதே தலைப்பில் இரண்டு ஆண்டுக்கு முன் ஆய்வேடு கொடுத்தவள்.

"மாடலுக்குத்தான்க்கா, ப்ளீஸ்."

"தாராளமா எடுத்துக்கடி" என்று பென் டிரைவை நீட்டினாள் ரிஃப்கா.

கணினி மையத்தில் ஒரு மதியம் போதுமாயிருந்தது. குடவாசல் என்று இருந்த இடமெல்லாம் வலங்கைமான் ஆயிற்று. பெயர், பதிவு எண் மாறின. வாசித்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. "யாரு பக்கத்தைப் பொரட்டப் போறா? காப்பியக் கம்ப்யூட்டர்ல போட்டுப் புடிக்கிறதெல்லாம் பி.எச்டி.க்குத்தான்" என்றார்கள் தோழிகள். ஆளுக்கொரு சீனியரின் ஆய்வேடு அவர்கள் பையிலும் இருந்தது.

சித்திரை வெயிலில் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு வந்தது. "பஸ்ஸெல்லாம் வேணாம், நானே கொண்டாந்து விடுறேன்" என்று வெள்ளை வேட்டி கட்டி மொபெட்டைக் கிளப்பினார் இராஜாங்கம். மகளைத் துறை வாசலில் இறக்கிவிட்டு, எதிரே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலை நரைத்தவர், சாதுவானவர். இரண்டு கேள்விகள் கேட்டார். பேசுவதற்கா இசைவாணிக்குச் சொல்லித் தர வேண்டும்? மளமளவென்று கொட்டினாள். செழியன் சார் முகமெல்லாம் பல்.

தேர்வாளர் ஏட்டைப் புரட்டி முதல் பக்கத்துச் சமர்ப்பணத்துக்கு வந்தார். அங்கேயே நின்றார். பிறகு மெல்ல வாசித்தார்.

"'வெயிலிலும் சேற்றிலும் தன் உடம்பைக் கரைத்து என்னைப் படிக்க வைத்துவிட்டு, இந்த ஏட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமலே கண்மூடிவிட்ட என் அப்பாவின் பாதங்களுக்கு...'"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பாவும் இப்படித்தாம்மா. நான் எம்.ஏ. முடிச்ச வருஷமே போயிட்டாரு. ஒங்கப்பா போயி எத்தன வருஷம் ஆவுது?"

இசைவாணி எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஐயோ! அது ரிஃப்காவின் அப்பா. அந்தச் சாவு வீட்டுக்கு அவளே போயிருந்தாள். உடலைத் தூக்கவிடாமல் கட்டிக்கொண்டு கதறிய ரிஃப்காவைப் பிடித்து இழுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். கல்லூரி வாட்ச்மேனோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார் இராஜாங்கம். மகளைக் கண்டதும் கையை ஆட்டினார்.

'ரெண்டு வருஷம் சார்.' மூன்றே சொல். சொல்லிவிட்டால் பட்டம், ஜூன் முதல் தேதி, வேலை, எல்லாம் கையில். வாய் திறந்தாள். அப்பா இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சார்... எங்கப்பா உசுரோட இருக்காரு. அதோ, வெளியில உக்காந்துருக்காரு."

தேர்வாளர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"அப்ப இந்த நூறு பொம்பளைங்க?"

"அவங்களும் ரிஃப்கா அக்கா பாத்தவங்க சார். நான் யாரையும் கேக்கல."

"எம் மானத்த வாங்கிட்டியேம்மா!" என்றார் செழியன் சார்.

தேர்வாளர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க மொத பக்கத்தக்கூடப் பாக்கலையா சார்?"

ஆய்வேடு தள்ளுபடி ஆயிற்று. புதிதாகச் செய்து கார்த்திகையில் கொடுக்க வேண்டும். அதுவரை சான்றிதழ் கிடையாது. வேலை அதுவரை காத்திருக்காது என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாஸா பாப்பா?" என்று எழுந்து வந்த அப்பாவிடம் "வண்டிய எடுங்கப்பா" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். குடவாசல் தாண்டி, பருத்தி வயல் ஓரத்தில் அவள் விசும்பல் கேட்டு வண்டி நின்றது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

இராஜாங்கம் இறங்கி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். பிறகு, "என்னைச் சாவடிச்சிட்டியா?" என்றார்.

"தெரியாமப்பா... அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லப்பா."

"எதுல செத்தேன்? வயசா, வியாதியா?"

"எழுதலப்பா."

"அதையாச்சும் ஒழுங்கா எழுதக் கூடாதா?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஒங்கம்மாட்ட மட்டும் இதச் சொல்லிடாத, ஊரைக் கூட்டிடுவா. வேல போனா போவுது. அந்தப் புள்ளைக்கு மொதல்ல போன் போடு. அவ அப்பனத் தூக்கிட்டு வந்துருக்க நீ."

அழைத்தாள். ஒரே மூச்சில் சொல்லி அழுதாள்.

"மாடலுக்குன்னுதானடி கேட்ட?" என்றாள் ரிஃப்கா. குரல் வறண்டிருந்தது. "எங்கப்பா சாவுக்கு வந்தவதானடி நீ?"

"மன்னிச்சிடுக்கா."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம்." பிறகு ரிஃப்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்தப் பக்கத்த... சத்தமா வாசிச்சாரா அவரு?"

"ஆமாக்கா. வாசிச்சிட்டுக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாருக்கா."

"எனக்கு வைவா நடந்தப்ப யாரும் அதத் தொறக்கக்கூட இல்லடி" என்றாள் ரிஃப்கா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. போனை வைக்காமலே அழுதாள். சாலையோரத்தில் நின்று இசைவாணி அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.