ஏழு கல்லும் கடலுக்குப் போன பிறகு

எங்கள் அண்ணன் மறைந்து ஒரு வருஷம் நிறையும் இன்றைக்கு வீடு தேடி வந்த உறவின்முறையாருக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியாகிய என்னுடைய வணக்கம். அண்ணனுடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி அச்சுப் போட்டு வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டார்கள். எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் அது என்னுடையது.

ராயபுரத்தில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோப்பது என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். இது மாதிரி மலர்கள் எத்தனையோ என் கையால் கோத்திருக்கிறேன். 'ஆறாத் துயரில் ஆழ்த்தி', 'கண்ணீர்க் கடலில் மூழ்கி' என்று வந்தால் நான் எழுத்துப் பெட்டியைப் பார்ப்பதுகூட இல்லை, கை தானாகப் போய் எழுத்தை எடுத்துவிடும். இந்த மலரில் அவற்றைப் போடவில்லை. பொய்யை எதற்குக் கோப்பது? எனக்கு இந்த ஒரு வருஷமாக அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், சம்பளம் வாங்குகிறேன். குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டில் மற்றவர்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிகிறது. "தம்பிக்காரன் கல்லாட்டம் குந்திகினு கீறான் பாரு" என்று பதினாறாம் நாளன்று உங்களில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கோபமில்லை. சரியாகத்தான் சொன்னீர்கள்.

அண்ணன் பிறந்த இடம் ராயபுரத்துக்கு வடக்கே, இப்போது தண்ணீராக இருக்கிறது. காசிமேட்டுப் பக்கம் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் அலை மடிகிறதே, அதற்கும் அப்பால்தான் எங்கள் வீடு இருந்தது. ஹார்பருக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிய நாள் முதல், சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போயிற்று, வடக்கே எங்கள் கரையைக் கடல் கடித்துத் தின்னத் தொடங்கிற்று. வருஷத்துக்கு வருஷம் குடிசையைப் பிரித்து மேற்கே தள்ளிப் போட்டோம். குப்பத்தில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன வேலை. பொங்கலுக்கு வீடு மெழுகுகிற மாதிரிதான்.

எங்களைப் பெற்ற நைனா கடலில் போய்த் திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு நடை பழகுகிற வயது. அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அந்த வயதில் துடுப்பைக் கையில் எடுத்தவர்தான். நான் கொஞ்சம் வளர்ந்ததும் என்னையும் தொழிலுக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார். கட்டுமரத்தில் ஏறி அலை தாண்டுவதற்குள் நான் குடலையே வாந்தி எடுத்துவிட்டேன். அண்ணன் என்னைக் கரையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஐயே, இது மீனு புடிக்கிற ஜென்மமில்ல, மீனுக்குத் தீனி போடற ஜென்மம்" என்றார். மறு வாரம் பாதிரி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். இன்று நான் எழுத்துக் கூட்டிப் பிழைக்கிறேன் என்றால் அன்று வயிறு கலங்கியதும் அண்ணன் மனம் கோணாததும்தான் காரணம்.

எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறையாக ஒரு கடமை உண்டு. கரையில் பூவரச மரத்தடியில் செங்கல் மேடை மேல் ஏழு கல். கன்னிமார் ஏழு பேர். கூரை கிடையாது, கதவு கிடையாது. குப்பத்து ஆண்கள் தொழிலுக்குப் புறப்படுமுன் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் கட்டுமரம் தள்ளுவார்கள். விளக்கு வைப்பதும் மஞ்சள் பூசுவதும் எங்கள் வீட்டு வேலை. நைனாவுக்குப் பின் அண்ணன் செய்தார்.

யுத்தம் தொடங்கிய வருஷம் எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டு எண்ணெய் டாங்கி எரிந்ததே, மறுநாள் பட்டணமே மூட்டை கட்டியது. குப்பமும் காலியாயிற்று. அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினார்கள். அண்ணன் அசையவில்லை. "அவுங்க ஏழு பேருக்கும் காலு கீதா ஓடறதுக்கு? அவுங்கள வுட்டுட்டு நான் மட்டும் ஓடினா நல்லாவா கீது?" என்றார். எங்களை மாதவரத்தில் அண்ணியின் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அவர் தாடியும் மீசையுமாக இருந்தார். ஏழு கல்லுக்கும் அன்றாடம் மஞ்சள் பூசியிருந்தது.

யுத்தம் முடிந்த மறு மழைக்காலத்தில் கடல் பூவரச மரம் வரை வந்துவிட்டது. குப்பத்துத் தலைவரான நாட்டார் துளசிங்கம் அவர்கள் அண்ணியின் தமையனார், எங்கள் அண்ணனுக்கு மைத்துனர். அவர் பஞ்சாயத்தைக் கூட்டி, கல்லைப் பெயர்த்துத் தெருவுக்குள் கொண்டுபோய்க் கோயில் கட்டி வைப்போம் என்றார். ஊரும் சரி என்றது. ஆனால் கன்னிமாரைக் கேட்காமல் தொட முடியாது. வழக்கப்படி பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பு அரளி வந்தால் ஊருக்குள் எடுத்துப் போவது, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது. இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்து நூல் சுற்றிக் கல் முன்னால் வைத்தார் அண்ணன். எடுக்கச் சொன்ன பிள்ளைகளெல்லாம் கூட்டத்தைப் பார்த்து அழுதன. கடைசியில் அண்ணன் மகள் மங்காதான் அழாமல் போய் ஒன்றை எடுத்தாள். வெள்ளை வந்தது.

அப்போது எழுந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. "உன் பொண்ணே எட்த்தா, உனுக்கு வோணும்ன்றதே வந்துச்சி!" என்றார் நாட்டார். மறுபடி கட்டு என்றார்கள் சிலர். அண்ணன் மறுத்துவிட்டார். "ஒரு தபா கேட்டாச்சி. சொல்லிட்டாங்க. திரும்பத் திரும்பக் கேக்கறதுக்கு அவுங்க இன்னா நம்ம வூட்டு வேலக்காரியா?" என்றார். கார்த்திகை பிறப்பதற்குள் வாடைக் காற்றில் ஒரு பெரிய கடலேற்றம் வந்து மரத்தையும் மேடையையும் ஏழு கல்லையும் கொண்டுபோய்விட்டது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அழுதிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. "காலு இல்லன்னு இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன்டா. நடந்து பூட்டாங்க பாரு" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. சந்தோஷம் என்று எழுதினால் ஊர் அடிக்க வரும்.

ஊர் அவரை மன்னிக்கவில்லை. எங்கள் சாமியைக் கடலுக்கு வாரிக் கொடுத்தவன் என்று பெயர் வந்தது. தெருவுக்குள் புதுக் கோயில் எழும்பியது, புதிதாக ஏழு கல், இரும்புக் கதவு, பூட்டு. பூசைக்கு வேறு ஆள். அண்ணனோடு கட்டுமரம் ஏற எவரும் துணை வரவில்லை. சின்ன மரமாகக் கட்டிக்கொண்டு தூண்டிலோடு தனியாகப் போய்வந்தார். கல்யாணம் காட்சிக்கு அழைப்பு நின்றது. தன் தமையன் வீட்டுக்குப் போவதை அண்ணியும் நிறுத்திக்கொண்டார்கள். அதையெல்லாம் அண்ணன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் அவரைச் சுட்டது. எங்கள் குப்பத்தில் ஓர் ஆண் இறந்தால் அன்று ஒருவரும் கடலுக்குப் போக மாட்டார்கள்; கடல் மூடுவது என்று அதற்குப் பெயர். கரையேறியதும் அவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தை மறுபடி யாரும் கட்ட மாட்டார்கள், கட்டைகள் மணலில் அப்படியே கிடக்கும். பணக்காரன் ஏழை என்று இதில் பேதமில்லை. ஒரு பஞ்சாயத்தில் வாய் தடித்தபோது நாட்டார் சொல்லிவிட்டார்: "நாளிக்கி நீ பூட்டீன்னா உனுக்காவ ஒருத்தனும் தொழிலு வுட்டு நிக்க மாட்டான். தெர்ஞ்சிக்கோ." அண்ணன் வீட்டுக்கு வந்து என்னிடம், "மத்ததுல்லாம் சரிடா. அந்த ஒண்ண மட்டும் சொல்லாத இருந்திருக்கலாம்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் பட்ட வருத்தம் அது ஒன்றுதான்.

வெள்ளைப் பூ வந்த நாளோடு பூக்கட்டிக் கேட்பதையும் குறி கேட்பதையும் அவர் விட்டுவிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வெள்ள வரணும்னு நான் உள்ளார வேண்டிகினுதான்டா இருந்தேன். வந்துச்சி. அவுங்க சொன்னாங்களா, என் ஆச சொல்லிச்சா? எனுக்குத் தெரியல. கேட்டாத்தான இந்தப் பேஜாரு? பாத்துகினு இருந்தா ஒண்ணியும் இல்ல" என்றார். அப்படியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்குவார். ஒரு கை நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப விடுவார். "சௌக்கியமா கீறீங்களா?" என்பார். கடல் கலங்கியிருந்தால், "இன்னா இன்னிக்கி மூஞ்சி சரியில்ல?" என்பார். வானத்தில் பறவை போனால் நின்று பார்ப்பார். நண்டு குறுக்கே ஓடினால் வழி விடுவார். பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. சாமி விஷயத்தில் எனக்கு அவ்வளவு பிடிப்புக் கிடையாது. ஆனால் புதுக் கோயில் வாசலில் நின்ற யாரும் அவ்வளவு சகஜமாகச் சாமியிடம் பேசி நான் பார்த்ததில்லை.

மேடையும் மரமும் விழுந்த இடத்தில் வருஷங்கள் போகப் போக மீன் அடைய ஆரம்பித்தது. ஊரே அங்கே வலை போட்டுப் பிழைத்தது. அண்ணன் மட்டும் போடவில்லை. "அவுங்க வூட்டு வாசல்ல போயி நான் தூண்டி போடறதா?" என்றுவிட்டார். அடுப்புப் பற்றவைக்க வழியில்லாத நாளிலும் போடவில்லை. அண்ணி அதற்காக அவரைத் திட்டிய திட்டெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது.

கடைசி இரண்டு மாதம் பாரிச வாயு வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. திட்டிய அண்ணிதான் தினமும் விடிந்ததும் ஒரு சொம்பில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, அவருடைய இடது கையை அதில் நனைத்து, கண்ணில் ஒற்றிவிட்டார்கள். மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் திரும்பக் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு நாள் விடியற்காலை சொம்போடு வந்து கையைத் தொட்டபோது கை குளிர்ந்திருந்தது.

அண்ணியும் மங்காவும் அலறிய அலறல் கரை வரை கேட்டிருக்கும். தொழிலுக்குப் புறப்படுகிற நேரம். நான் உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்து கரையைப் பார்த்து நின்றேன். துக்கம் என்று ஒன்றும் இல்லை. கட்டுமரத்தை யாராவது கட்டுகிறார்களா என்று மட்டும் பார்த்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வெளிச்சம் வந்தது. கடல் முழுக்கக் கடல்காக்கைகள். கன்னிமார் இறங்கின இடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி துள்ளுகிறது. கவலை மீன், மத்தி ஜாதி. அந்தப் பருவம் முழுவதும் ஊர் வெறும் வலையோடு திரும்பிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் கஞ்சிக்கு அழுதுகொண்டிருந்தன. அன்றைக்கு வந்து நிற்கிறது அவ்வளவு மீன். இளவட்டங்கள் நாலைந்து பேர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஒருவன் கட்டைகளை ஒன்றுசேர்த்து முதல் சுற்றுச் சுற்றினான். முடிந்தது என்று நினைத்தேன். அதற்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

துளசிங்க நாட்டார் வந்தார். வயதாகிவிட்டதே, மெதுவாக நடந்து வந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே போய் அவன் கட்டிக்கொண்டிருந்த கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தாத்தா, எந்திரி. மீனு பூடும்" என்றான் அவன்.

"போவட்டும்."

"நீதான சொன்ன, அந்தாளுக்குக் கடலு மூட மாட்டோம்னு?"

"சொன்னேன். இப்ப வாணாம்ன்றேன்."

"இத்தினி மீனு கண்ணு முன்னால வந்துகீது, வவுறு காயுது..."

நாட்டார் கடலைக் கை காட்டினார். "டேய், அது உனுக்கு வர்லடா. அவுங்க ஏழு பேரும் அவன இட்டுகினு போவ வந்துகீறாங்க. நடுவுல வல போடாத."

அவன் கயிற்றை அவிழ்த்தான். மற்றவர்களும் கீழே போட்டார்கள். உச்சிப் பொழுது வரை மீன் அங்கேயே துள்ளிக்கொண்டிருந்தது. குப்பமே மணலில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அண்ணனை எடுக்கும்போது தெற்கே தலைமாட்டுப் பக்கமாகத் தூக்கினவர் நாட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் ஒரு மீன்கூட இல்லை.

இதை நான் கண்ணால் கண்டபடி எழுதியிருக்கிறேன். வந்தது கன்னிமாரா, கவலை மீனா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால்தான் பேஜார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

உடம்புக்கு முடியாத நாட்களில் கஷாயம் கொடுத்த வைத்தியர் ஐயாவுக்கும், இரவும் பகலும் கூட இருந்த அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கும், இந்த மலருக்குக் காகிதம் கொடுத்து உதவிய அச்சாபீஸ் முதலாளிக்கும், பதினைந்து வருஷம் கழித்து எங்கள் வாசல் மிதித்த துளசிங்க நாட்டார் அவர்களுக்கும் நன்றி. அன்று இரவு அடுப்பு மூட்டாமல் பிள்ளைகளைப் பட்டினியோடு தூங்க வைத்த குப்பத்துக் குடும்பங்கள் அத்தனைக்கும் நன்றி.

நீங்கள் அன்று பிடிக்காமல் விட்ட மீனுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.